அடுத்த ஊர் சைக்கிள்

சிங்கவரத்தில் சைக்கிளே கிடையாது என்று முதல் நாள் சொன்னார்கள். இரண்டாம் நாளும் அதையே சொன்னார்கள். பூவராகவன் நாற்பத்தோரு வீட்டுப் படியேறி, கேள்விகள் அச்சடித்த நாற்பத்தோரு பாரத்தில் ‘இல்லை’ என்று எழுதினான். கடைசி வீட்டுக் களத்தில் கடலை பிடுங்கிய பிறகு மிஞ்சிய மல்லாட்டைக் கொடியைப் போராகக் குவித்திருந்தார்கள். அவன் திரும்பும்போது போருக்குள்ளிருந்து மணி அடித்தது. சைக்கிள் மணி. மேலே ஏறிய கோழி எங்கோ மிதித்துவிட்டது.

அந்த வீட்டுக்காரர் கோவிந்தசாமி அவனைப் பார்த்தார். அவனும் அவரைப் பார்த்தான்.

“கோழிங்க தொந்தரவு தாங்கல” என்றார் அவர்.

பூவராகவன் பாரத்தில் திருத்தம் எதுவும் செய்யவில்லை. கண்ணால் பார்க்காததை எழுதக்கூடாது என்பது கம்பெனி விதி.

ரூபாயின் மதிப்பைக் குறைத்த வருஷம் அது. இறக்குமதிக்குக் கதவு கொஞ்சம் திறக்கப்போகிறது என்று பேச்சு. சைக்கிளுக்கு டைனமோ விளக்கு செய்யும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இந்தியாவில் சரக்கு விற்குமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது. சென்னையில் இப்படிப்பட்ட விசாரணைகளை நடத்தித் தருகிற ஆபீஸ் ஒன்றிடம் வேலையை ஒப்படைத்தது. அந்த ஆபீஸில் பூவராகவன் தற்காலிக ஊழியன். வயது இருபத்தேழு. பொருளாதாரத்தில் பி.ஏ. ஐம்பது கோடி ஜனங்கள், அதில் எத்தனை பேரிடம் சைக்கிள், எத்தனை சைக்கிளுக்கு விளக்கில்லை என்று தெரிந்தால் எத்தனை பெட்டியைக் கப்பலேற்றலாம் என்று அவர்கள் முடிவு செய்வார்கள் என மேலதிகாரி சுவரில் தொங்கிய வரைபடத்தைத் தட்டிச் சொன்னார். பூவராகவன் பங்குக்குச் செஞ்சியும் சுற்றியுள்ள ஐந்து கிராமங்களும் வந்தன. இருநூறு பாரம். நாலு நாள். சனிக்கிழமை சூப்பர்வைசர் தனகோட்டி பஸ்ஸில் வந்து சரிபார்ப்பார். பாரங்கள் சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். ஊர் ஊராகப் போக வேண்டாம், சென்னையில் நாற்காலி.

அந்த நாற்காலி அவனுக்கு வேண்டும். மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. மகள் ஆண்டாளுக்கு இரண்டரை வயது. மனைவியின் அக்கா சாரதா அவளைத் திண்டிவனத்தில் வைத்து வளர்க்கிறாள். சாரதாவின் கணவருக்குப் பிலாய் இரும்பாலையில் வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி ரயில். சாரதா ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தாள். அவன் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் குழந்தையை விட்டுவிட்டுப் போவாள். மாதத்தில் இருபது நாள் பையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவனிடம் விடமாட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. திருவல்லிக்கேணியில் அறை பார்த்தாகிவிட்டது. வீட்டுக்காரர் மனைவி கண்ணம்மாள் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். இராத்திரிக்கு அப்பன்காரன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவள் கண்டிப்பு.

அன்று புதன்கிழமை. தேதி இருபத்துமூன்று.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் தாண்டவராயன் சைக்கிள் கடை. மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார், பஞ்சர் ஒட்டுவார். கடைக்குப் பின்னாலிருந்த அறையில்தான் பூவராகவன் தங்கியிருந்தான். அவர் வண்டியில்தான் ஊர் சுற்றினான். அன்று சாயங்காலம் அவன் உம்மென்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, தாண்டவராயன் பாரத்தைக் காட்டச் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொரு கேள்வியாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இத எழுதுனவன் போலீஸ்காரனா சார்?”

“இல்ல. இங்கிலீஷ்ல வந்ததத் தமிழ்ல பண்ணது.”

“நீ கேக்குற ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபைன் இருக்குதே. எத்தினி வண்டின்னு கேக்குற. சொன்னா, பில்லை எங்கடான்னு பஞ்சாயத்து வரும். இருட்டுல ஓட்றியா, வெளக்கு இருக்குதான்னு கேக்குற. அது ஸ்டேஷன் ஃபைன். ஒரு வண்டியில எத்தினி பேரு போவீங்கன்னு கேக்குற. டபுள்ஸுக்கு அது ஒரு ஃபைன். எங்க வாங்குனேன்னு வேற கேக்குற. அதுக்கு வக்கீல வெச்சுத்தான் பதில் சொல்லணும்.”

பில்லை என்பது வருஷ வரி கட்டினால் பஞ்சாயத்து கொடுக்கும் தகர வில்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே தொங்கும். பில்லை இல்லாத வண்டியை பில் கலெக்டர் பிடித்துக்கொண்டு போனால், பழைய பாக்கி எல்லாவற்றையும் கட்டி மீட்க வேண்டும். முடியாதவர்கள் வண்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

பூவராகவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டும் பென்சிலுமாக வேட்டி சட்டையில் ஒருவன் வந்து சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டால், ஊர் என்ன நினைக்கும்? கோழியைக் குற்றம் சொல்லும்.

“வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் வெளக்கு விக்க வர்றான்னு சொல்லிப் பாத்தேன்” என்றான்.

“வெளக்கு வாங்குனா வண்டி இருக்குதுன்னு ஆயிடுமே சார்.”

தாண்டவராயன் கடை வண்டிகளுக்கே பாதிக்குப் பில்லை கிடையாது. பூவராகவன் ஓட்டியதற்கும் இல்லை. அதை எழுதிக்கொள்ளாதே என்று சிரிக்காமல் சொன்னார்.

அன்றிரவு அவன் சரியாகத் தூங்கவில்லை. இன்னும் இரண்டு நாள். நாற்பத்தோரு ‘இல்லை’. போன மாதம் வந்தவாசிக்குப் போன பையன் ஒருவன் ஏதோ மரத்தடியில் உட்கார்ந்து இருநூறு பாரத்தையும் தானே நிரப்பிக்கொண்டு வந்தான். தனகோட்டி நாலு பாரத்தைப் புரட்டிப் பார்த்து அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். அதிலிருந்து ஆபீஸில் அதற்கு ‘மரத்தடிப் பாரம்’ என்றே பெயர்.

வியாழக்கிழமை காலை மறுபடி சிங்கவரம் போனான். கோவிந்தசாமி வேப்பங்குச்சியோடு எதிரில் வந்தார். இங்கே இல்லை என்று எத்தனை தடவை சொல்வது என்று சலித்துக்கொண்டார். பிறகு மனசு கேட்காமல் சொன்னார்.

“மேலச்சேரிக்குப் போயேன். அங்க ஊட்டுக்கு ஊடு வெச்சிக்கினு இருக்கானுங்க. கேக்க நாதி இல்ல.”

“யார் யாருன்னு தெரியுமா?”

தெரியும். மேலத்தெருவில் ஆரம்பித்து வரிசையாகச் சொன்னார். எவனிடம் எந்தக் கம்பெனி வண்டி, கல்யாணத்தில் மாமனார் கொடுத்ததா, சந்தையில் பழசு வாங்கியதா, எவன் பெண்டாட்டியை முன்னாலும் மச்சானைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு சினிமாவுக்குப் போகிறான், எல்லாம் அவருக்கு மனப்பாடம். பக்கத்தில் நின்ற இருவர் விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தார்கள். “காலனியில அந்த உண்ணாமலை மவன்கூட ஒண்ணு வெச்சிக்கினு தெருவுல பறக்கறான். அத மொதல்ல எழுது” என்றார் ஒருவர்.

பூவராகவன் எழுதினான். கை வலிக்க எழுதினான்.

மேலச்சேரியில் அவன் கேள்வியே கேட்கவில்லை. “சிங்கவரத்துல சைக்கிளே இல்லையாமே” என்று மட்டும் சொன்னான். டீக்கடையே சிரித்தது. ஆளாளுக்குச் சொன்னார்கள். கோவிந்தசாமிக்கு இரண்டு வண்டி. ஒன்று மல்லாட்டைக் கொடிக்குள், இன்னொன்று மாமியார் வீட்டில். தன் வண்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஊரான் வண்டிக்குச் செயின் எத்தனை தடவை அறுந்தது என்பதுவரை சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து ஊரும் ஒன்றை ஒன்று காட்டிக் கொடுத்துவிட்டன. சொன்னது மெய்தானா என்று காலையிலும் மாலையிலும் ஊர் எல்லையில் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டான். பெரும்பாலும் மெய். இருநூற்றுப் பன்னிரண்டு சைக்கிள். நூற்றெண்பதுக்கு மேல் விளக்கில்லாதவை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. பாரத்தின் தலைப்பில் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் இருந்தன.

உண்ணாமலை வீட்டுக்கு மட்டும் அவன் நேரில் போனான். மூன்று ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தார்கள். அப்படி என்ன வண்டி என்று பார்க்க நினைத்தான். அவள் கூரைக்கு வெளியே முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டி சுவரில் சாய்ந்து நின்றது. ஒளித்து வைக்கவில்லை. பழைய வண்டி, சீட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

“எழுதிக்க சாமி” என்றாள். “கண்ணு முன்னால நிக்கிறத இல்லன்னு சொல்ல முடியுமா?”

மகன் ராஜாராம் செஞ்சி ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறான். காலை ஆறு மணிக்கு மில்லில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஊர்த் தெரு வழியாகத்தான் ரோட்டுக்குப் போக வேண்டும்.

“எறங்கித் தள்ளிக்கினு போடான்னாங்க. இவன் எறங்கல. அதுலருந்து எல்லாருக்கும் அந்த வண்டி மேலதான் கண்ணு. யாரு சொல்லி வந்த நீ?”

அவன் பாரத்தை விரித்துக்கொண்டான். விளக்கு உண்டா என்று கேட்டான். இல்லை என்றாள். பில்லை இல்லை என்று அவளாகவே சொன்னாள். இருநூற்றுப் பன்னிரண்டில், தன் வண்டியைத் தானே ஒப்புக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

சனிக்கிழமை பத்தரை பஸ்ஸில் தனகோட்டி வந்து இறங்கினார். கூட ஒருவர் இறங்கினார். பஸ்ஸில் பழக்கமானவர் என்று தனகோட்டி அறிமுகம் செய்து வைத்தார். பெயர் விநாயகம். இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பில் கலெக்டர். கக்கத்தில் துணி உறை போட்ட ரெஜிஸ்டர்.

மூவரும் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள். தனகோட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாரங்களைப் புரட்டினார். முதல் நாற்பத்தொன்றை வேகமாகத் தள்ளினார். பிறகு நின்றார். திரும்பிப் போய்ப் பார்த்தார்.

“செவ்வாய்க்கிழம ஒண்ணும் இல்ல. புதன்கிழம ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமக்குள்ள இருநூறு. நடுவுல சைக்கிள் குட்டி போட்டுதாப்பா?”

பூவராகவன் நடந்ததைச் சொன்னான். அடுத்த ஊரைக் கேட்ட விதத்தையும் சொன்னான். தனகோட்டி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. நல்லபடியாக முடிக்கவே ஆசைப்பட்டார். மெய்யாக இருக்கலாம், ஆனால் வெளிநாட்டுக்காரன் ஏற்க வேண்டுமே என்றார். யாராவது சர்க்கார் ஆள் பார்த்து ஒரு சீல் போட்டால் போதும். அதற்குத்தான் தெய்வமே இவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தது.

“சீல் விழுந்தா திங்கக்கிழம உன் ஆர்டர் டைப் ஆயிடும்” என்றார்.

விநாயகம் ரெஜிஸ்டரைப் பிரித்தார். ஐந்து ஊருக்கும் சேர்த்துப் பில்லை வாங்கிய வண்டிகள் பதினேழு. அந்தப் பக்கத்தையும் மேஜையிலிருந்த பாரக் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவசரப்படவில்லை.

“தாராளமா சீல் போட்றேன் சார்” என்றார். “பாரத்த ரெண்டு மணி நேரம் என்கிட்ட குடுங்க. பேர மட்டும் எழுதிக்கினு தந்துட்றேன். எங்களுக்கும் ஒரு உபகாரம்.”

“எடுத்துக்கோங்க” என்றார் தனகோட்டி.

பூவராகவன் கையில் டீ கிளாஸ் இருந்தது. சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை. முதலில் ஆண்டாள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். போன தடவை போனபோது, அவனைப் பார்த்ததும் சாரதாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றவள். இன்னும் ஐந்து நாள். திங்கட்கிழமை ஆர்டர். சீல் வைக்கிற சத்தம்கூடக் காதில் கேட்டது. பேசாமல் இருந்தால் போதும். அவன் எதையும் கொடுக்க வேண்டாம், தனகோட்டியே கொடுத்துவிடுவார்.

விநாயகம் கட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மேல் பாரம் காலனி பாரம். எழுத்தின் மேல் விரலை ஓட்டி, “உண்ணாமலை” என்று மெதுவாகப் படித்தார். “இவ மவன்தானே... அந்தப் பையன் வண்டியத்தான் ஒரு வருஷமாத் தேடறேன். பில்லை போட்டுக்கடான்னா சிரிச்சிட்டே போவான்.”

“சார்” என்றான் பூவராகவன். “அது மரத்தடிப் பாரம்.”

தனகோட்டிக்கு உடனே புரியவில்லை. விநாயகத்துக்குப் புரியவே இல்லை.

“நான் போகல சார். மொத ரெண்டு நாள் போனேன். யாரும் பதில் சொல்லல. அதுக்கப்புறம் சத்திரத்துக்குப் பின்னால புளியமரத்தடியில உக்காந்து எழுதிட்டேன்.”

“இப்பத்தானே அடுத்த ஊரக் கேட்டேன், அது இதுன்னு சொன்ன?”

“கத கட்டினேன் சார்.”

தனகோட்டி பாரங்களைத் தன் பக்கம் திருப்பினார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு நம்ப மனமில்லை.

“பேரு, கதவு நம்பர் எல்லாம் இருக்குது?”

பூவராகவன் வாய் தானாகச் சொன்னது. “எலக்ஷன் வருதே சார். வாக்காளர் பட்டியல் சுவத்துல ஒட்டியிருக்குது. அதப் பாத்து எழுதினேன்.”

பொய் இவ்வளவு சுலபமாகப் பொருந்தும் என்று அவனுக்குத் தெரியாது. தனகோட்டி கண்ணாடியைக் கழற்றினார். விநாயகம் மட்டும் கட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“இருந்தாலும் இருக்கட்டுமே சார். பேருங்கள்லாம் நம்ம ஊர் ஆளுங்க பேராத்தான் இருக்குது.”

“வாக்காளர் பட்டியல்ல உங்க ஊர் பேரு இல்லாம பம்பாய்க்காரன் பேரா இருக்கும்?” என்றார் தனகோட்டி. அவமானம் கோபமாகியிருந்தது. “இந்தப் பொய்ய வெச்சிக்கினு நீங்க ஒருத்தன் வண்டியப் புடிச்சா, நாளைக்கு கோர்ட்ல எங்க கம்பெனி பேரு வரும். குடுங்க இப்படி.”

விநாயகம் கையை எடுத்தார். தனகோட்டி கட்டைப் பூவராகவனிடம் நீட்டி, டீக்கடை அடுப்பைக் காட்டினார். அவனே எழுந்து போனான். பாய்லருக்குக் கீழே ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்தாக வைத்தான். கடைக்காரர் கரியைக் கிளறிவிட்டார். நாலு நாள் அலைந்தது, இரண்டு கெண்டைக்கால் வலி, இருநூற்றுப் பன்னிரண்டு சைக்கிள், ஒரு பானைத் தண்ணீர் கொதிப்பதற்குள் தீர்ந்துபோனது. உண்ணாமலை பாரம் எது என்று அவன் பார்க்கவில்லை.

“படிச்ச பையன். உன்மேல நம்பிக்க வெச்சிருந்தேன்” என்றார் தனகோட்டி. திங்கட்கிழமை ஆபீஸ் பக்கம் வர வேண்டாம் என்றார். செஞ்சியில் சைக்கிள் விளக்கு வியாபாரத்துக்கு இடமில்லை என்று அந்தக் கம்பெனிக்காரனுக்கு எழுதிவிடப்போவதாகவும் சொன்னார். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். விநாயகம் ரெஜிஸ்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பூவராகவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவரும் போய்விட்டார்.

சைக்கிளைத் திருப்பி விடக் கடைக்குப் போனான். அவனுக்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்திருந்தது. தாண்டவராயன் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றிப் பார்த்தார்.

“ரெண்டு நாளும் புளியமரத்தடியிலயே உக்காந்திருந்தியாமே சார். என் செயின்ல மேலச்சேரி செம்மண்ணு எப்பிடி ஒட்டுச்சு?”

அவரே எண்ணெய்த் துணியை எடுத்துச் செயினை ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்தார்.

ஒரு மணி பஸ்ஸில் திண்டிவனத்துக்கு ஏறினான். ஒரு மணி நேரப் பயணம். என்ன சொல்வது என்று அமைத்துக்கொள்ள அது போதும் என்று நினைத்தான். ‘ஆகலக்கா’ என்று ஆரம்பித்துவிடலாம். ஆகவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். குழந்தை பிலாய்க்குப் போகட்டும். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம். ஒரு வருஷத்தில் அவளுக்கு மூன்றரை. அவனை யாரென்று கேட்பாள். இப்போதே ஒளிந்துகொள்கிறாள். தீவனூர் தாண்டும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். ஆகலக்கா.

வீட்டு வாசலில் இரண்டு டிரங்குப் பெட்டி கிடந்தது. பெரியதில் பாத்திரம். சின்னதில் துணி. ஆண்டாள் சின்னப் பெட்டிக்குள் துணியின் மேல் உட்கார்ந்து மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் எழுந்து ஓடவில்லை.

சாரதா ஈரக் கையோடு உள்ளேயிருந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். நாலு நாள் வெயிலில் கறுத்திருந்ததைப் பார்த்து, வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

“இன்னா தம்பி, ஆச்சா?”

“ஆச்சுக்கா” என்றான்.

முடிந்துபோயிற்று என்றுதான் சொல்ல வந்தான். அப்படித்தான் அவனுக்கே பட்டது. ஆனால் சாரதா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு உள்ளே திரும்பி, வேலை நிரந்தரமாகிவிட்டதென்று கணவரிடம் சத்தமாகச் சொன்னாள். அவர் வேஷ்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து பூவராகவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாரதா பெட்டி அருகில் குந்தினாள். ஆண்டாளைத் தூக்கி வெளியே விட்டாள். அடியில் மடித்திருந்த சின்னச் சின்னப் பாவாடைகளை எடுத்து வேறாக அடுக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்று வெளியே வரும்போதும் அவன் வாயைத் திறந்தான். எட்டாவதோடு பெட்டியில் குழந்தையின் துணி தீர்ந்தது. அவன் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. திங்கட்கிழமை எந்த வாசலில் போய் நிற்பது, திருவல்லிக்கேணி அறைக்கு இரண்டாம் மாதம் என்ன வழி, ஒன்றும் தெரியவில்லை.

சாரதா குனிந்தபடியே பேசிக்கொண்டு போனாள். காலையில் கேழ்வரகுக் கூழ் கொடுக்க வேண்டும், கட்டியில்லாமல். பால் குடித்தால் வாந்தி எடுப்பாள். சளி பிடித்தால் துளசிச் சாறு. தூங்கும்போது வலது காது மடலை யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் தூங்கமாட்டாள். இடது காதைத் தொட்டால் அழுவாள்.

பூவராகவன் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

“இன்னொரு தடவ சொல்லுங்கக்கா” என்றான். “மெதுவா.”